மூழ்கிய கப்பல்கள்: கல்லறையும் காட்சியும்

ஆட்களோடு மூழ்கிய கப்பலுக்குள் பொழுதுபோக்காக முக்குளிக்கப் போவது தகுமா என்ற கேள்வி, ஸ்கூபா கருவி பரவிய பிறகே எழுந்தது. அதற்கு முன் கடலடிக்குப் போனவர்கள் முத்தோ சங்கோ கடற்பஞ்சோ எடுக்கப் போனார்கள். இல்லையென்றால் கனத்த உலோகத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மேலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்தபடி, மூழ்கிய சரக்கை மீட்கப் போனார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர் மிகச் சிலரே. 1943-இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும், முதுகில் சுமக்கும் காற்று உருளைக்குப் பொருந்தும் ஒரு வால்வை உருவாக்கினார்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைத் தருவது அதன் வேலை. அதே ஆண்டுகளில்தான் உலகின் கடல்களில் ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஆட்களோடு மூழ்கிக்கொண்டிருந்தன. போர் முடிந்தபோது புதிய சவக்குழிகளும் அவற்றை எட்டிப் பார்ப்பதற்கான கருவியும் ஒன்றாகவே மனிதர் வசம் வந்திருந்தன.

இன்று அந்தக் கப்பல்கள் பயண வணிகத்தின் முன்வரிசைச் சரக்கு. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் 1969-இல் தொடங்கிய ‘போட்’ கண்காட்சி, அமெரிக்காவில் 1977 முதல் நடந்துவரும் ‘டெமா’ வணிகக் கண்காட்சி, சிங்கப்பூரில் 1995-இல் தொடங்கிய ‘அடெக்ஸ்’ போன்றவற்றில் கருவி விற்போரும் படகு நடத்துவோரும் நாடுகளின் சுற்றுலாத் துறைகளும் அடுத்தடுத்துக் கடை விரிக்கிறார்கள். முதன்முறை வருபவர் இறங்கிப் பார்க்கத் தொட்டி இருக்கும். ஒளிப்படப் போட்டி இருக்கும். ஒரு வாரம் படகிலேயே தங்கி முக்குளிக்கும் பயணத்துக்கு முன்பதிவு நடக்கும். பவளப்பாறை, சுறா, மூழ்கிய கப்பல் என்ற மூன்றும் இந்த வணிகத்தின் நிரந்தரப் படங்கள். முதலிரண்டைப் பற்றி அங்கே சூழலியல் பேசப்படுகிறது. மூன்றாவதைப் பற்றிப் பெரும்பாலும் ஆழமும் நீரின் தெளிவும்தான் பேசப்படுகின்றன.

ஆழத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பொழுதுபோக்கு முக்குளிப்புக்குப் பயிற்சி நிறுவனங்கள் வகுத்திருக்கும் எல்லை 40 மீட்டர். முப்பது மீட்டரைத் தாண்டும்போதே காற்றிலுள்ள நைட்ரஜன் மதுவைப் போல அறிவை மங்கச் செய்யத் தொடங்கும்; இன்னும் ஆழத்துக்குப் போனால் மேலேறும் வழியில் நின்று நின்று வர வேண்டும். ஆகவே ஒரு கப்பல் கல்லறையாகவே விடப்படுமா, காட்சிப் பொருளாகுமா என்பதை எந்த அறநூலும் தீர்மானிக்கவில்லை. அது எத்தனை மீட்டரில் போய் விழுந்தது என்பதே தீர்மானித்தது. சுமார் 1,500 பேரோடு 1912-இல் மூழ்கிய டைட்டானிக் 3,800 மீட்டரில் கிடக்கிறது. அந்த ஆழத்து நீரில் எலும்புகள் கரைந்துவிட்டன. உடல் கிடந்த இடத்தை ஜோடியாகக் கிடக்கும் காலணிகளே காட்டுகின்றன. வெப்பக் கடலில் 30 மீட்டரில் மூழ்கிய கப்பலின் மூடிய அறைகளில் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் எலும்புகள் இருக்கின்றன. அங்கே ஒரு வாரப் பயிற்சி பெற்ற ஒருவர் விளக்கோடு போய்வரலாம்.

பழைய மரபுகள் கடற்சாவைப் பற்றி நிறையவே சிந்தித்திருக்கின்றன. கி.மு. 406-இல் ஆர்கினூசாய் என்ற இடத்தில் ஏதென்ஸ் கடற்படை ஸ்பார்ட்டாவை வென்றது. ஆனால் புயல் வந்ததால், உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களையும் செத்தவர்களையும் எடுத்துவர முடியவில்லை. வென்று திரும்பிய தளபதிகள் ஆறு பேருக்கு ஏதென்ஸ் மரண தண்டனை கொடுத்தது. முறைகெட்ட அந்த விசாரணையைத் தடுக்க முயன்றவர்களில் சாக்ரட்டீசும் ஒருவர். இஸ்லாமியச் சட்டம், கரையை எட்டுவதற்குள் உடல் கெட்டுவிடும் என்றால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுகை நடத்திக் கடலில் இறக்க அனுமதிக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலில் கடலில் உடலை இறக்குவதற்குத் தனி வாசகம் உண்டு. உடல் கிடைக்காதவருக்குப் புல்லாலும் இலையாலும் உருவம் செய்து எரிக்கும் முறையைக் கருட புராணம் வகுக்கிறது. தமிழகத்திலும் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் நடத்தும் வழக்கம் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: கடல் கொண்டதை இனி எவரும் பார்க்கப் போவதில்லை. இல்லாத உடலை என்ன செய்வது என்பதே இந்தச் சடங்குகளின் கவலை. உடல் இருக்கிறது, இருக்குமிடம் தெரிகிறது, அங்கே அந்நியர்கள் கட்டணம் கட்டி வந்து போகிறார்கள் என்ற நிலை எந்த மரபின் கற்பனையிலும் இல்லை. விதிகள் இல்லாத இடத்துக்குத்தான் ஸ்கூபா மனிதரைக் கொண்டு சேர்த்தது.

கடலடிக்கு இறங்குவதே ஓர் அத்துமீறல் என்ற உணர்வு மட்டும் பழையது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர் இருந்தார். கடற்கட்டி என்று பெயர். பிடிபட்டதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாக 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசே அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. குளிப்போர் கத்தோலிக்கராகவோ முஸ்லிமாகவோ இருந்தாலும் கடற்கட்டி வந்து மந்திரிக்காமல் இறங்கத் தயங்கினார்கள். இன்றைய முக்குளிப்பில் இறங்குவதற்கு முன் நடப்பது கருவிச் சோதனை. அது உயிரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வேறொருவர் எல்லைக்குள் போகிறோம் என்ற நினைப்பு அதில் எங்கும் வருவதில்லை.

கேள்வி முழு வடிவில் நிற்கும் இடம் பசிபிக் பெருங்கடலில், மைக்ரோனேசியக் கூட்டாட்சியைச் சேர்ந்த சூக் தீவுகளின் காயல். பழைய பெயர் ட்ரக். பவள வளையத்துக்குள் அடங்கிய அந்தப் பெரிய காயல் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படையின் முக்கியத் தளமாக இருந்தது. 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் அலையலையாக வந்து தாக்கின. நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. 250-க்கும் மேற்பட்ட விமானங்கள் அழிந்தன. அய்கோகு மாரு என்ற கப்பலின் வெடிமருந்து அறை வெடித்த வேகத்தில், தாக்கவந்த அமெரிக்க விமானமே சிதறியது. கப்பலில் இருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் இறந்தார்கள். ஏப்ரலில் இன்னொரு வான்தாக்குதலின்போது ஐ-169 என்ற நீர்மூழ்கி அவசரமாக அமிழ்ந்தது; திறந்து கிடந்த ஒரு வால்வு வழியே நீர் புகுந்துவிட்டது. உள்ளே சிக்கியவர்கள் சுத்தியலால் தட்டிய ஓசை, மீட்க இறங்கியவர்களுக்குக் கேட்டது. தூக்கும் முயற்சி தோற்றது. பிறகு, எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதென்று ஜப்பானியர்களே அதன்மீது வெடிகுண்டு போட்டார்கள்.

கால் நூற்றாண்டு இந்தக் காயல் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. 1969-இல் கூஸ்தோவின் குழு அங்கே படம் பிடித்தது. 1971-இல் உள்ளூர்ச் சட்டம் காயலை நினைவிடமாக அறிவித்து, கப்பல்களிலிருந்து எதையும் எடுக்கக் கூடாதென்றது. தாக்குதலைச் சிறுவனாகக் கரையிலிருந்து பார்த்த கிமியோ அய்செக் என்ற சூக்வாசி 1973-இல் அங்கே முக்குளிப்புக் கடை திறந்தார். வேறு வருமானம் குறைந்த அந்தத் தீவுகளுக்கு இன்று இந்தக் கப்பல்கள் முக்கியமான பிழைப்பு. யாருடைய கல்லறை என்று கேட்டால் பதில் இங்கே சிக்கலாகிறது. கப்பல்களும் இறந்தவர்களும் ஜப்பானைச் சேர்ந்தவர்கள், மூழ்கடித்தது அமெரிக்கா, கடலோ, தங்களைக் கேட்காமலே இருவரும் வந்து போரிட்ட தீவுக்காரர்களுடையது. அந்நியர் விட்டுச் சென்ற பிணக்குவியலை வைத்து அவர்கள் பிழைப்பதைக் குறைசொல்லும் தகுதி போரிட்ட இரு நாடுகளுக்கும் கிடையாது.

சூக்கில் குறைசொல்ல வேண்டியது வேறொன்று. ஷின்கோகு மாரு என்ற எண்ணெய்க் கப்பலின் மருத்துவ அறையில் அறுவை மேசை ஒன்று உண்டு. கப்பலில் வேறெங்கோ கிடந்த மனித எலும்புகள் அந்த மேசைமீது கொண்டுவந்து வைக்கப்பட்டன. படம் எடுக்க வசதி. யாமகிரி மாருவின் இயந்திர அறையில், வெடிப்பின் வேகத்தில் இரும்போடு ஒட்டிக்கொண்ட ஒரு மண்டையோடு, முக்குளிப்போர் தேடிப் போகும் நிறுத்தமாகவே ஆகிவிட்டது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மண்டையோடு தான் கிடக்கும் இடத்தில் கிடக்கிறது, எலும்புகள் அரங்கேற்றப்பட்டிருக்கின்றன.

ஜப்பானிய அரசின் நிலைப்பாடு இந்த இடத்தில் கவனத்துக்குரியது. நாட்டுக்கு வெளியே இறந்த சுமார் 24 லட்சம் ஜப்பானியரில் பாதிக்கு நெருங்கியவர்களின் எச்சங்கள் இன்னும் திரும்பவில்லை. அவற்றில் சுமார் 3 லட்சம் பேருடையவை கடலில். நிலத்தில் கிடப்பவற்றை எடுத்துவந்து எரியூட்டுவது அரசின் கடமை என்று 2016-இல் தனிச் சட்டமே வந்தது. கடலில் கிடப்பவற்றை மட்டும் எடுக்க வேண்டியதில்லை என்பதே நெடுங்காலக் கொள்கை. கடலே அவர்கள் துயிலும் இடம் என்பது அதற்கான காரணம். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. எச்சங்கள் பிறர் கண்ணில் பட்டு, இறந்தவரின் கண்ணியம் குலையும் நிலை வந்தால், எடுக்க முடிகிற இடங்களில் எடுக்கலாம். ஐ-169-இல் இருந்தவர்களின் எலும்புகள் 1970களிலும் அய்கோகு மாருவில் இருந்தவர்களில் சிலருடையவை 1980களிலும் எடுக்கப்பட்டு எரியூட்டப்பட்டன. ஆக, ஒரே எலும்பு எவரும் பாராதவரை அடக்கம் பெற்றதாகவும், சுற்றுலாப் பயணியின் விளக்கொளி பட்டதும் அடக்கம் இழந்ததாகவும் கொள்ளப்படுகிறது. அதன் நிலையை மாற்றுவது உப்புநீரோ காலமோ அல்ல, பார்வை.

இதைத் தர்க்கமற்றது என்று தள்ளிவிடலாம். இறந்தவருக்கு எதுவும் நேர்வதில்லை என்பது எபிக்கூரஸின் வாதம்: சாவு இருக்கும் இடத்தில் நாம் இல்லை, இல்லாதவருக்குத் தீங்கும் இல்லை. அரிஸ்டாட்டில் அவ்வளவு உறுதியாக இல்லை. தன் வழித்தோன்றல்களுக்கு நேரும் இன்பதுன்பம் இறந்தவரை எட்டுமா என்று நிக்கோமாக்கியன் அறவியலில் கேட்டு, எட்டினாலும் மிக மெல்லியதாகவே எட்டும் என்று நகர்ந்துவிடுகிறார். தத்துவ அறிஞர் ஜார்ஜ் பிட்சர் 1984-இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு வழியைக் காட்டினார். தீங்கு பிணத்துக்கு நேர்வதில்லை. உயிரோடிருந்தபோது சில விருப்பங்களோடு வாழ்ந்த அந்த மனிதருக்கு நேர்கிறது. தன் எலும்பு மேசைமீது படத்துக்காக அடுக்கப்படும் என்று 1944-இல் ஒரு மாலுமியிடம் சொல்லியிருந்தால் அவர் வேண்டாம் என்றிருப்பார். அந்த மறுப்பு சாவோடு காலாவதியாகிவிடுவதில்லை. இவற்றுள் பிட்சரின் வாதமே இந்தப் பொருளுக்கு நெருங்கிவருகிறது. ஆனால் அதே மாலுமியிடம், எண்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் வந்து அமைதியாகப் பார்த்துவிட்டுப் போவார் என்று சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது அவ்வளவு தெளிவில்லை. மறக்கப்படுவதைவிட அது மேல் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

இந்திய மரபுகளும் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. உடலைக் கழற்றிப் போட்ட ஆடையாகச் சொல்லும் அதே மரபுதான் அந்த ஆடைக்குப் பல நாள் சடங்கும் செய்கிறது. பௌத்தம் இன்னும் நேரடியானது. பிணத்தைப் பார்ப்பதையே ஒரு பயிற்சியாக்கியது. 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், ஊதிய பிணத்தில் தொடங்கி எலும்பு வரை பத்து நிலைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் தியானப் பொருளாகப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் நினைத்தபோது போய்விட முடியாது. புறப்படும் முன் மூத்த துறவி ஒருவரிடம் சொல்ல வேண்டும். வழியையும் சுற்றியுள்ள கல்லையும் மரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். காற்று வரும் திசை பார்த்து நிற்க வேண்டும். சிதறிய உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் நிலையும் அந்தப் பத்தில் ஒன்று. அதைத் தன் கையால் செய்யக் கூடாது, வேறொருவரைக் கொண்டோ கோலாலோ செய்ய வேண்டும். தொட்டால் பழகிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

ஷின்கோகு மாருவின் மேசையை அளக்க இதைவிட நல்ல கோல் கிடைப்பது அரிது. எலும்பைச் சேர்த்து வைப்பதோ பார்ப்பதோ தன்னளவில் குற்றமில்லை என்று பௌத்தமே சொல்கிறது. குற்றம் பழகிப்போவதில் இருக்கிறது. எவருக்கும் அதிர்ச்சி தராத, அடுத்த குழுவுக்கும் அதற்கடுத்த குழுவுக்கும் காட்டப்படுகிற பொருளாக ஒரு மனிதரின் எச்சம் ஆவதுதான் இழப்பு. தமிழில் மணிமேகலை இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், புகாரின் சுடுகாட்டுக்குள் அறியாமல் நுழைந்த சார்ங்கலன் என்ற சிறுவன் கண்ட காட்சியால் நடுங்கி உயிரை விடுகிறான். ஆயத்தமில்லாத பார்வை ஆளையே கொல்கிறது. ஆயத்தத்தோடு பார்க்கும் துறவிக்கு அதே காட்சி விடுதலைக்கு வழி. இன்றைய பயணி இரண்டு வகையிலும் சேராதவர். அவருக்கு நடுக்கமும் இல்லை, தியானமும் இல்லை. காற்றளவு பார்க்கும் மானியும் ஒளிப்படக் கருவியும் அவர் கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

சட்டங்கள் இந்த நுட்பத்துக்குள் போவதில்லை; இடத்தைப் பூட்டுவதா திறப்பதா என்று மட்டும் பார்க்கின்றன. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளிலுள்ள ஸ்காபா ஃப்ளோ என்ற ஒரே வளைகுடாவில் இரண்டையும் காணலாம். 1919 ஜூன் 21 அன்று அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த ஜெர்மன் கடற்படையினர், எதிரியிடம் கொடுக்க மனமின்றித் தங்கள் 74 கப்பல்களையும் தாங்களே மூழ்கடிக்க முயன்றார்கள். 52 மூழ்கின. ஆட்கள் வெளியேறிய பிறகு மூழ்கியவை என்பதால், மீட்கப்படாமல் எஞ்சியவை ஐரோப்பிய முக்குளிப்போரின் பெரும் விருப்பத்துக்குரியவை ஆயின. அருகிலேயே, 1939 அக்டோபர் 14 இரவில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்த ராயல் ஓக் போர்க்கப்பல் சுமார் 30 மீட்டரில் கிடக்கிறது. இறந்தவர்கள் 835 பேர். 1986-ஆம் ஆண்டின் படைவீரர் எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே அனுமதியின்றி முக்குளிப்பது குற்றம். கடற்படையினர் மட்டும் ஆண்டுக்கொரு முறை இறங்கி, கப்பலில் கட்டியிருக்கும் கொடியை மாற்றுகிறார்கள். பொருத்தமான ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ராயல் ஓக் அரசின் கண்பார்வையில் இருக்கும் கப்பல். தொலைவில் மூழ்கியவற்றின் கதை வேறு.

1942 பிப்ரவரி 27 அன்று ஜாவாக் கடல் போரில் மூழ்கிய நெதர்லாந்துப் போர்க்கப்பல்கள் டி ரூய்ட்டர், ஜாவா, கோர்ட்டனார் மூன்றும் அறுபது ஆண்டு எவர் கண்ணிலும் படவில்லை. 2002-இல் பொழுதுபோக்கு முக்குளிப்போர் கண்டுபிடித்தார்கள். 75-ஆம் ஆண்டு நினைவுக்காக 2016-இல் திரும்பப் போனபோது முதலிரண்டும் அடியோடு காணாமல் போயிருந்தன. மூன்றாவதில் பெரும்பகுதி இல்லை. கடலடியில் பள்ளங்கள்தான் மிச்சம். பழைய இரும்புக்காகத் திருட்டுத்தனமாக அறுத்து எடுத்திருக்கிறார்கள், உள்ளே இருந்த எச்சங்களையும் சேர்த்து. மலேசியாவின் குவாந்தான் கடலுக்கு அப்பால், 1941 டிசம்பர் 10 அன்று 840 பேரோடு மூழ்கிய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல்களுக்கும் இதே கதி. 2023 மே மாதத்தில் மலேசிய அதிகாரிகள் ஒரு சீனக் கப்பலைப் பிடித்தபோது அதில் பழைய இரும்பும் பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. பிரிட்டிஷ் சட்டம் இக்கப்பல்களைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்திருந்தது. அறிவிப்பு பிரிட்டிஷ் குடிமக்களைக் கட்டுப்படுத்தியது, அறுப்பவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. கடலடியில் என்ன நடக்கிறதென்று முதலில் சொன்னவர்கள் முக்குளிக்கப் போனவர்களே. எவரும் பார்க்காத கல்லறை பத்திரமான கல்லறை என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

பூட்டிவைப்பதில் இன்னொரு சிக்கல், பூட்டச் சொல்வது யார் என்பது. 1994 செப்டம்பர் 28 இரவில் பால்டிக் கடலில் எஸ்தோனியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கி 852 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே எஸ்தோனியா, பின்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று அரசுகளும் ஒப்பந்தம் செய்து அதை இறுதித் துயிலிடமாக அறிவித்து, முக்குளிப்பைத் தடைசெய்தன. இறந்தோரின் உறவினரில் சிலருக்கு அது மரியாதையாகப் பட்டது. சிலருக்கு உண்மையை மூடும் மூடியாகப் பட்டது. 2020-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்துக்காகத் தொலைவிலிருந்து இயக்கும் கருவியை இறக்கியவர்கள் கப்பலின் பக்கவாட்டில் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார்கள். அவர்களுக்குச் சுவீடனில் அபராதம் விதிக்கப்பட்டது. அரசுகளோ விசாரணையை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. கல்லறையைத் தீண்டாதே என்ற விதி, இறந்தவர் பொருட்டா வாழ்பவர் பொருட்டா என்ற ஐயம் அங்கே இன்றும் தீரவில்லை.

யுனெஸ்கோவின் 2001-ஆம் ஆண்டு நீரடிப் பண்பாட்டு மரபு உடன்படிக்கை இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே நிற்க முயல்கிறது. நூறு ஆண்டு நீரில் கிடந்தவையே அதன் வரம்புக்குள் வரும். மனித எச்சங்கள் எல்லாவற்றுக்கும் உரிய மரியாதை தர வேண்டும். கிடக்கும் இடத்திலேயே காப்பது முதல் தெரிவு. எதையும் குலைக்காமல் பார்க்கப் போவதை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. நூறு என்ற எண் நிர்வாக வசதிக்கானது. கிரேக்கத்தின் ஆன்டிகித்தெராக் கப்பல் சிதைவில் 2016-இல் இரண்டாயிரம் ஆண்டு பழைய மனித எலும்புகள் கிடைத்தபோது, அறிவியல் உலகம் மகிழ்ந்தது. எவரும் துக்கம் கொள்ளவில்லை. அழ உறவினர் இல்லாததால் அந்த மாலுமியின் உரிமை குறைந்துவிட்டதா என்று கேட்டால், பிட்சரின் வாதப்படி இல்லை என்றே சொல்ல வேண்டும். நடைமுறை எப்போதும் அதற்கு மாறாகவே நடக்கிறது. ‘குலைக்காமல் பார்ப்பது’ என்பதும் சொல்வதற்கு எளிது. மூடிய அறைக்குள் முக்குளிப்பவர் விடும் காற்றுக் குமிழிகள் கூரையில் தேங்கி இரும்பின் அரிப்பைக் கூட்டுகின்றன. துடுப்பின் ஓர் அசைவு பல பத்தாண்டுகளாகப் படிந்த வண்டலைக் கலக்கிவிடுகிறது.

முக்குளிப்போரும் இறந்தவர்களும் சேர்ந்திருப்பது இயல்புக்கு மாறானதல்ல என்று காட்டும் இடங்களும் உண்டு. இத்தாலியில் ஜெனோவாவுக்கு அருகே சான் ஃப்ருத்துவோசோக் குடாவில், நீருக்கடியில் கைகளை மேலே உயர்த்தி நிற்கும் வெண்கலக் கிறிஸ்து சிலையை 1954-இல் நிறுவினார்கள். 1947-இல் அங்கே முக்குளிக்கும்போது இறந்த தாரியோ கொன்சாத்தியின் நினைவாக எழுந்த எண்ணம் அது. வடித்தவர் குயிதோ கல்லேத்தி. ஆண்டுதோறும் கோடையில் அதன் காலடியில் முக்குளிப்போர் மலர்வளையம் வைக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரைக்கு அப்பால் 2007 முதல் இருக்கும் நெப்டியூன் நினைவுப் பாறை, இறந்தோரின் சாம்பலைச் சிமென்டில் கலந்து கட்டப்பட்ட செயற்கைப் பாறை. உறவினர் முக்குளித்துப் போய்ப் பார்க்கவே அது அமைக்கப்பட்டது. பேர்ல் ஹார்பரில் 1,177 பேரை இழந்த அரிசோனா போர்க்கப்பலில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு இடமில்லை. ஆனால் அன்று உயிர்தப்பி, முதுமையில் இறந்த மாலுமிகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் சாம்பலை, அவர்கள் விருப்பப்படியே, முக்குளிப்போர் கொண்டுபோய்த் தோழர்களோடு சேர்த்தார்கள். கடைசியாக அப்படிச் சேர்ந்தது 2019 டிசம்பர் 7 அன்று. இங்கெல்லாம் இறங்குபவருக்கு, தான் யாரிடம் போகிறோம் என்பது தெரியும். சூக்கின் மேசையில் இல்லாதது அதுதான்.

அப்படியானால் கண்காட்சிக் கடைகளிலிருந்து மூழ்கிய கப்பல்களை அகற்ற வேண்டியதில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையையும் பெயரையும் மறைத்து அவற்றை விற்பதைத்தான் மாற்ற வேண்டும். செங்கடலின் திசில்கார்ம் சரக்குக் கப்பல் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மன் விமானம் மூழ்கடித்த அது, உலகில் மிக அதிகமானோர் முக்குளிக்கும் கப்பல்களில் ஒன்று. அதன் சரக்கறையில் இருக்கும் மோட்டார் சைக்கிள்களின் தயாரிப்புப் பெயர் தெரியாத முக்குளிப்பாளர் அரிது. இறந்த ஒன்பது பேரில் ஒருவர் பெயராவது தெரிந்தவர் அதைவிட அரிது.

தமிழர் கரையை ஒட்டியும் இப்படி ஒரு கப்பல் உண்டு. விமானந்தாங்கியாகவே முதன்முதலில் வடிவமைக்கப்பட்ட பிரிட்டிஷ் கப்பலான ஹெர்மிஸ், திருகோணமலைமீது தாக்குதல் வருவதறிந்து, விமானம் ஏதுமின்றி இரவோடிரவாகத் தெற்கே விலகிச் சென்றது. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. கப்பல் தலைவர் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. ஈழப்போர் நடந்த காலம் முழுவதும் அந்தக் கடல் எளிதில் அணுக முடியாததாக இருந்தது; 2009-க்குப் பிறகு வெளிநாட்டு முக்குளிப்போர் வரத் தொடங்கினார்கள். கிழக்குக் கரையில் கடல் அடங்கும் பருவம் தொடங்குவதும் அது மூழ்கிய ஏப்ரலை ஒட்டித்தான். கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடப்பதால் சாதாரணப் பயிற்சி பெற்றவர் அங்கே போக முடியாது. கலவை வாயுக்களோடு இறங்கத் தெரிந்த சிலரே போகிறார்கள். அன்றே அதே கடலில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் கிடப்பதால், பாசிக்குடாவிலிருந்து புறப்படும் பயணிகளில் பெரும்பாலோர் பார்ப்பது அதைத்தான். ஹெர்மிஸை இதுவரை காத்துவந்தது ஆழம். இரும்பு மாறாமல் நிற்காது. பக்கத் தகடுகள் அரித்து உள்ளறைகள் திறக்கும்போது, சூக்கில் ஜப்பான் எதிர்கொண்ட கேள்வியை மட்டக்களப்புக் கடலில் பிரிட்டன் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.